வண்டியின் காப்பும் உடலின் காப்பும்

காலை எட்டு மணிக்குப் பெங்களூரின் எந்தச் சாலைச் சந்திப்பில் நின்று பார்த்தாலும் ஓர் உண்மை விளங்கும். அந்நகரத்தில் பதிவாகியிருக்கும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை இருசக்கர வண்டிகளே. அலுவலகம் செல்வோர், ஆலைக்குச் செல்வோர், பிள்ளைகளைப் பள்ளியில் விடச் செல்லும் தாய்மார் என அனைவரும் அவற்றை நம்பியே வாழ்கின்றனர். ஆயினும் தம்முடைய வண்டியில் பெட்ரோல் ஊற்றும் மூடியைத் தவிர வேறு எதையும் திறந்து பாராதவர்களே அவர்களுள் மிகுதி. பிரேக் பிடிக்காத பிறகுதான் பிரேக்கைப் பற்றியும், கீழே விழுந்த பிறகுதான் தலைக்கவசத்தைப் பற்றியும் நினைக்கிறோம். வண்டியை வீட்டிலேயே எந்த அளவுக்குப் பேணலாம், அதன்மேல் அமர்பவர் எதை அணிய வேண்டும் என்னும் இரண்டையும் சேர்த்து நோக்குவது இவ்வுரையின் கருத்தாகும்.

மோட்டார் சைக்கிளைத் தானே பழுது பார்க்கும் பழக்கம் நம் பகுதிக்குப் புதியதன்று. 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, பின்னர்த் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தது. 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி புறப்பட்டு, சிற்றூர்களின் வாழ்வையே மாற்றியது. அக்காலத்து வண்டிகளுடன் ஒரு சிறு கருவிப் பையும் கிடைக்கும். அதிலுள்ள ஸ்பேனர்களையும் திருப்புளியையும் கையாளத் தெரிந்திருப்பது, வண்டி ஓட்டத் தெரிந்திருப்பதன் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

மைசூர்த் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால், அங்கே பிறந்த ஜாவா, எஸ்டி வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. உதைத்துக் கிளப்பும் அதே நெம்புகோலை முன்னே தள்ளினால் அதுவே கியர் மாற்றும் நெம்புகோலாகிவிடும். அத்தகைய விந்தையான அமைப்பு உடையவை அவை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா நாளாகக் கொண்டாடி, அவற்றின் உரிமையாளர்கள் பெங்களூரில் அணிவகுக்கின்றனர். தாய் நிறுவனமே மறைந்த பின்னும் வண்டி வாழ்வதற்குக் காரணம், அதை வைத்திருப்பவர்கள் அதன் உறுப்புகளைத் தம் கைகளால் அறிந்திருப்பதே. உதிரி உறுப்புகளைத் தேடி அவர்கள் செல்லும் கடைவீதிகளுள் முதன்மையானது ஜே.சி. சாலை.

இக்கால வண்டிகளில் கைவேலைக்கு இடமில்லை என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலைப் புகை விதிகளால், புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு முறை வந்துவிட்டது. பெங்களூருக்கு இதனால் ஒரு தனி நன்மையும் உண்டு. இந்நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றைக் காட்டிலும் இங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டரோடு ஒரு வண்டி இங்கே வந்தால், பெட்ரோலின் அளவுக்கேற்ற காற்று கிடைக்காமல், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், பெட்ரோலும் வீணாகும். புதிய முறையிலோ காற்றழுத்தத்தை உணரும் கருவி பெட்ரோலின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே அந்தப் பகுதியில் நாம் கை வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் டயர், சங்கிலி, பிரேக், கேபிள், எண்ணெய் ஆகியவை அன்று இருந்தவாறே இன்றும் இருக்கின்றன. உயிரைக் காப்பனவும் பெரும்பாலும் இவையே.

முதலில் டயர். சாலையைத் தொடுவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. அதன் காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய பின் பார்த்தால் சூட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் பக்கங்களில் மடங்கிச் சூடேறும், திருப்பத்தில் வழுக்கும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது சங்கிலி. தூசியும் சேறும் படிந்த சங்கிலியை மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் தேய்த்துத் துடைத்து, அதற்குரிய எண்ணெயை இட வேண்டும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தல் நலம். மழைக்காலத்தில் இன்னும் முன்னதாகச் செய்யலாம். சங்கிலியின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. தொய்வே இல்லாமல் இறுக்கிவிடுவது நல்லதென்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. வண்டி பள்ளத்தில் இறங்கி எழும்போது பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும். அப்போது சங்கிலி இழுபடும். தொய்வு இல்லையேல் அந்த இழுப்பு முழுவதும் பற்சக்கரங்களின் மீதும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளின் மீதும் விழும். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் தொய்வை அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கொண்டே அளவை முடிவு செய்ய வேண்டும். இருபுறமுள்ள குறிகளும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்த்து, அச்சின் நட்டை முடுக்கிய பின், பின்பிரேக்கையும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சினை ஓடவிட்டு, சங்கிலி தானாகச் சுழலும்போது துணியால் துடைப்பவர்களைப் பார்த்திருக்கலாம். துணி பற்சக்கரத்தில் சிக்கினால் விரலையும் உடன் இழுத்துக்கொள்ளும். விரலை இழந்தவர்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும். அதுபோலவே, பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

பிரேக்கில் இரு வகை உண்டு. டிரம் பிரேக்கை அதன் கம்பியிலுள்ள நட்டைத் திருகி நாமே சரிசெய்யலாம். டிஸ்க் பிரேக்கில் பட்டைகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று கண்ணால் காணலாம். ஆனால் அதிலுள்ள திரவத்தைப் பற்றிப் பலர் அறிவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில், நந்தி மலையிலிருந்து இறங்கும் பாதையைப் போன்ற இடங்களில், பிரேக் சூடேறும்போது திரவம் கொதித்து ஆவியானால், பிரேக் பிடியை அழுத்தியும் பயன் இராது. எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். இவ்வேலையையும், பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பைப் பற்றிய வேலையையும் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

எஞ்சின் எண்ணெய் மாற்றுவது கடினமன்று. ஆனால் கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றலாகாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் எண்ணெய் அத்தட்டுகளை வழுக்கச் செய்யும். ஜேசோ எம்.ஏ. என்னும் குறியீடு உள்ள எண்ணெயே உரியது. கழிந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய எண்ணெய் சேர்ப்பவரிடம் கொடுத்தல் நம் கடமை.

இவ்வளவுக்கும் வழிகாட்டி, வண்டியுடன் வரும் கையேடே. அதைப் படிக்காமல் வைத்திருப்பதற்கு மொழியும் ஒரு காரணம். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கிளட்ச் பிடியில் சற்று அசைவு இருக்க வேண்டும் என்பதை ஆங்கிலக் கையேடு 'ஃப்ரீ பிளே' என்று கூறுகிறது. அகராதியை மட்டும் நம்பினால் அது 'இலவச விளையாட்டு' ஆகிவிடும். பட்டறைத் தொழிலாளி அதை 'லூஸ்' என்கிறார். அவருக்குப் பொருள் தெளிவாகவே விளங்குகிறது. கேபிளில் அந்தச் சிறு தளர்வு இல்லையேல் கிளட்ச் முழுமையாகப் பற்றாது. தட்டுகள் உராய்ந்து தேயும். சொல்லுக்குப் பின்னாலுள்ள செயலை ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால், எந்த மொழியில் படித்தாலும் மயக்கம் வாராது.

வண்டியைப் பேணியாயிற்று. இனி, உடலைப் பேணுவதைக் காண்போம்.

மெதுவாகத்தானே செல்கிறோம், தலைக்கவசம் எதற்கு என்று கேட்பவர் பலர். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும். நிற்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலும், சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் ஆகும். கவசமற்ற தலை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடும். கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கும்போது அந்தத் தூரம் 25 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். தூரம் பத்து மடங்கு நீண்டால் மூளை தாங்க வேண்டிய விசை பத்தில் ஒன்றாகக் குறையும். காப்பது வெளியோடு மட்டுமன்று. நசுங்கும் அந்த நுரையே. நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. ஆகையால் ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை, வெளியே கீறலே இல்லாவிடினும், மாற்றிவிட வேண்டும்.

இந்த அறிவு உலகுக்கு எளிதில் கிட்டவில்லை. அரேபியாவின் லாரன்ஸ் எனப் புகழ்பெற்றவர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், அதன்பின் இத்தகைய சாவுகளை ஆராய்ந்து 1941இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அச்சட்டம் வந்தது 1973இல்தான். தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் கண்ட முடிவு.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவில் தலைக்கவசத்தை விதித்துள்ளது. கர்நாடகத்தில் பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்னும் விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் இதில் அடக்கியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களையே விற்க வேண்டும் என்னும் ஆணை 2021 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. இருப்பினும், உச்சியை மட்டும் மூடும் மெல்லிய தொப்பிகளைக் காவலர் கண்ணுக்காக அணிவோர் இன்னும் உள்ளனர். நாடாவைப் பூட்டாமல் அணிவோரும் உள்ளனர். பூட்டாத கவசம் மோதலுக்கு முன்பே தலையை விட்டுப் போய்விடும். அபராதம் தவிரும், ஆபத்து தவிராது.

தலைக்கு அடுத்தபடியாகக் கைகள். விழுபவர் எவரும் தம்மை அறியாமல் கையை ஊன்றுவர். உள்ளங்கையில் தோல் தைத்த கையுறை இருந்தால் தார்ச்சாலை சதையைத் தீண்டாது. செருப்புக்கு மாறாகக் கணுக்காலை மூடும் காலணி அணிவது நன்று. சட்டைக்கு மேல் அணியும் சவாரி மேலங்கியில் தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் அதிர்ச்சி தாங்கும் பட்டைகள் இருக்கும். அவற்றின் ஐரோப்பியத் தரக்குறியீடு ஈ.என். 1621 ஆகும். அதில் இரண்டாம் நிலைப் பட்டை, முதல் நிலையைவிடக் குறைவான விசையையே உடலுக்குக் கடத்தும். சென்னை வெயிலில் இத்தகைய அங்கி பெரும் சுமையாகத் தோன்றலாம். பெங்களூரின் இதமான காலைப்பொழுதில் அச்சாக்கும் இல்லை. விலை மிகுதி என்பார்க்கு, கெட்டியான டெனிம் துணியும் மூடிய காலணியும் நல்ல தொடக்கமாகும். வெறும் பருத்திச் சட்டையைவிட அவை மேல்.

மகளிர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகள் மிகக் கொடியவை. மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் இளைஞர்கள், பின்னால் அமரப்போவது தம் தாயாகவும் இருக்கலாம் என்பதை எண்ண வேண்டும்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். கோடை மழையின் முதல் சில நிமிடங்களே மிகவும் அபாயமானவை. சாலையில் நெடுநாள் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கலாகின்றன. அப்போது சற்றே ஒதுங்கி நிற்பது அறிவுடைமை. வேகம் இரட்டித்தால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதையும், ஈரச் சாலையில் அது இன்னும் நீளும் என்பதையும் மறத்தலாகாது.

வாரத்தில் அரை மணி நேரம் போதும். டயர், சங்கிலி, பிரேக், விளக்கு, கேபிள் என்னும் ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். கை வைக்கத் தகுந்தது எது, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியது எது என்று பிரித்தறிவதே இக்கலையின் முதற்பாடம். பிறகு, தெருக்கோடிக் கடைக்கே போவதானாலும், கவசத்தை அணிந்து நாடாவைப் பூட்டிய பின்னரே வண்டியைக் கிளப்புங்கள்.