பதின்மூன்று நாள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். இடையில் கல்யாணப் பேச்சு வந்தால், "பிள்ளை பொறந்தா படிப்பு என்னாகும்?" என்று பெரியவர்கள் நாம் கேட்கிறோம். இந்தக் கேள்வியை இந்த ஊர் முன்பே பார்த்திருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்தது. கல்கத்தா சேர்க்கவில்லை. அதனால் அபலா தாஸ் என்ற வங்கப் பெண் 1882இல் சென்னைக்குப் படிக்கப் போனார். காதம்பினியோ இங்கேயே நின்றார். 1883இல் பி.ஏ. பட்டம், அதே ஆண்டு துவாரகாநாத் கங்குலியோடு திருமணம். 1884இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம். அந்த இடத்துக்காகப் போராடியவர்களில் கணவரும் ஒருவர்.

படிக்கும்போதே காதம்பினி தாயானார். பேறுகாலத்துக்கு அவர் வராதது 13 நாள்தான் என்று 1888இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு கடிதத்தில் வியந்து எழுதினார். 1893இல் காதம்பினி கடல் கடந்து எடின்பரோ முதலிய ஊர்களில் மேலும் தகுதிகள் பெற்றார்.

வியாபாரி நான், வரவை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் 40 நாள் ஓய்வு உண்டு. 13 நாள் அந்த அம்மையாரின் மனவுறுதி. அதையே எல்லாருக்கும் அளவுகோலாக்கினால் அநியாயம். 2017இன் சட்டத் திருத்தம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 26 வாரம் தந்தது; சம்பளமில்லாத மாணவியை அது தொடவில்லை.

அந்தக் குறையை வீடுதான் நிரப்ப வேண்டும். குழந்தையை நாம் வாங்கிக்கொள்வோம். அவள் புத்தகத்தை எடுக்கட்டும்.