படகுக்கு ஏற்ற வேகம்

தேக்கடியில் படகேறும் அன்பர்கள் சிலர், "இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டக்கூடாதா?" என்பர். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இது சுவையான கேள்வி.

படகு தானே எழுப்பும் அலையோடு மல்லுக்கட்டுகிறது. வேகம் கூடக்கூட அலை நீளும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும் பின்பகுதி பள்ளத்தில் அமிழும். அதன்பின் இஞ்சினை முடுக்கினால் டீசல்தான் வீண். 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த வில்லியம் ஃபுரூடும் முதலில் ரயில்வே பொறியாளரே!

கணக்கு எளிது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். இஞ்சின் பொருத்திய 16 அடிப் பாய்மரப் படகுக்கு உச்ச வேகம் சுமார் 5.4 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் சென்றால் ஏறக்குறைய பாதிச் சக்தி போதும். பயண நேரம் கால் பங்கு கூடும்; எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். காற்றில்லாத நாளில், இரு கரையடையாளங்களுக்கிடையே போகவும் வரவும் ஓட்டி நேரம் குறித்துச் சரிபார்க்கலாம்.

ஆனால் பாரமும் சமநிலையும் சரியாக இருந்தால்தான் இக்கணக்குக்குப் பொருளுண்டு. 2009 செப்டம்பர் 30-இல் இதே தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது.