நட்ட முடி ஏன் உதிர்கிறது?

என்னோடு கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் வெளிநாடு சென்று தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது வாரம் தலையணையெல்லாம் முடி. கொடுத்த காசு வீணானதென்று இடிந்துபோய், இரண்டாவது சத்திரசிகிச்சைக்குக் கடன் தேடத் தொடங்கிவிட்டார்.

உண்மையில் அது எதிர்பார்க்க வேண்டிய உதிர்வுதான். இடம் மாறிய அதிர்ச்சியில் வேர் தன் முடியை மட்டும் கழற்றிவிட்டுத் தோலுக்குள் ஓய்வெடுக்கிறது. பிடுங்கி நட்ட நாற்று முதலில் மஞ்சளித்து, பிறகு பச்சை பிடிப்பதில்லையா? 3, 4 மாதங்களில் புதுமுடி அரும்பும். முழுப் பலன் தெரிய 12 மாதங்களாவது செல்லும்.

ஆனால் எல்லா உதிர்வும் இப்படியல்ல. எடுக்கும்போது வேர் நறுக்கப்பட்டாலோ, நடுவதற்குமுன் உலர்ந்துபோனாலோ அது மீளாது. இன்னொன்று, வேர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. பின்தலை முடி எங்கு நட்டாலும் தன் இயல்பை விடாது என்பதை அமெரிக்க வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார். இந்தச் சிகிச்சையே அதன்மீதுதான் நிற்கிறது. எண்ணிக்கையைக் கூட்டிக்காட்ட அந்தப் பகுதிக்கு வெளியே கைவைத்தால், அங்கே உதிரவிருந்த முடி இங்கே வந்தும் உதிரும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

நடாத பழைய முடியும் பரம்பரை வழுக்கையால் தொடர்ந்து மெலியும். அதைத் தடுக்கும் மருந்து வேறு. தோல் வைத்தியரிடம் கேட்டே பாவிக்க வேண்டும்.

நம் ஆசிரியருக்கு இது ஐந்தாவது மாதம். நேற்றுத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். நெற்றியோரம் பூனைமயிர்போல முளைத்திருந்தது. கடன் எடுக்கவில்லை.