பூனைக்கும் ஒரு மலசலகூடம் வேண்டும்

பூனை இல்லாத முஸ்லிம் வீடு எமது ஊர்களில் மிகக் குறைவு. யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. மழையில் நனைந்த குட்டியொன்று குசினி வாசலில் வந்து நின்று கத்தும். பிள்ளைகள் இரக்கப்பட்டுப் பால் ஊற்றி வைப்பார்கள். பிறகு அதுவும் வீட்டில் ஓர் ஆளாகிவிடும். முன்னரென்றால் அதன் மலசலத்தைப் பற்றி எவரும் யோசித்ததில்லை. வளவு இருந்தது, வேலியோரத்தில் மணல் இருந்தது. தோண்டி, காரியத்தை முடித்து, மூடிவிட்டு வந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் தொடர்மாடி வீடுகளில் வாழ்கிறோம். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். முற்றமாக இருந்த இடமும் சீமெந்துத் தரையாகிவிட்டது. வீதியில் வாகனப் பயம், அயலில் நாய்ப் பயம். ஆகவே பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொள்கிறோம். ஆனால் அது போக வேண்டிய இடம் எது என்று அதற்குக் காட்டியிருக்கிறோமா?

காட்டாவிட்டால் அது தானே ஓர் இடத்தைத் தேடிக் கொள்ளும். கட்டில் மெத்தை, அழுக்குத் துணிக் கூடை, சில வேளை விரித்து வைத்த முஸல்லா. உம்மா கத்துவார், வாப்பா கோபிப்பார். கடைசியில் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவார்கள். வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிராணிக்குச் சந்தையில் பிழைக்கத் தெரியாது. ஒரு பூனையை அடைத்து வைத்து, உண்ணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனை செய்யப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த செய்திதான் அது. வீட்டுக்குள் வைத்துக் கொள்வதென்றால் அதன் தேவைகளுக்கு நாமே பொறுப்பு. தீனி மாத்திரமல்ல, மலசலமும் அதன் தேவைதான்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சில விடயங்களை விளங்கிக் கொண்டால் போதும்.

பூனை ஏன் மணலைத் தேடுகிறது?

வீட்டுப் பூனைகளின் மூதாதை மத்திய கிழக்குப் பகுதியின் காட்டுப் பூனை என்பது 2007 இல் வெளியான மரபணு ஆய்வொன்றில் தெரிய வந்தது. வரண்ட நிலத்துப் பிராணி அது. மென்மையான, தோண்டக்கூடிய மண்ணில் மலங்கழித்து மூடுவது அதன் இரத்தத்தில் ஊறிய பழக்கம். சிறு குட்டிகளுக்கு ஆரம்பத்தில் தாய்ப்பூனையே நக்கிச் சுத்தம் செய்யும். மூன்று, நான்கு வாரமானதும் குட்டிகள் தாமாகவே தோண்டுவதற்கு இடம் தேடத் தொடங்கும். அந்த நேரத்தில் பெட்டியைக் காட்டி, சாப்பிட்ட பின்னும் தூங்கி எழுந்த பின்னும் அதில் தூக்கி வைத்தால் போதும். அடிக்கவோ மிரட்டவோ தேவையில்லை.

குளிர் நாடுகளில் முன்பு பெட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தார்கள். 1947 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், தன்னிடம் மணல் கேட்டு வந்த அயல்வீட்டுப் பெண்ணுக்கு ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகள்களைக் கொடுத்தார். அது நன்றாக வேலை செய்யவே, அதைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கினார். இன்று கடைகளில் காணும் பூனை மணல் வியாபாரம் அங்கிருந்து தொடங்கியதுதான்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

கடையில் விற்கும் தட்டுகளில் பல, வளர்ந்த பூனைக்குச் சிறியவை. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எவ்வளவு நீளமோ, அதைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் பெட்டிக்கு இருக்க வேண்டும். அது உள்ளே நின்று திரும்பவும் தோண்டவும் வேண்டுமல்லவா? துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியொன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்தால் அதுவே நல்ல பெட்டி. மற்ற மூன்று பக்கங்களும் உயரமாக இருப்பதால் மணல் வெளியே சிதறாது. குட்டிகளுக்கும் முதிர்ந்த பூனைகளுக்கும் வாசல் மிகத் தாழ்வாக இருக்கட்டும்.

மூடியுள்ள பெட்டி பார்வைக்கு அழகு. ஆனால் நாற்றம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். எமது மூக்குக்குப் படாததால் துப்புரவு செய்வதும் பிந்திப் போகும். உள்ளே போகிற பூனைக்கு அது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திறந்த பெட்டியே நல்லது.

எத்தனை பெட்டி? மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு எளிது: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி. பலமான பூனை மற்றதை வழிமறிக்கும். சில பூனைகள் ஒரு பெட்டியில் சிறுநீரும் இன்னொன்றில் மலமும் கழிக்கும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான்.

எதைப் போட்டு நிரப்புவது?

மணல்: எமக்குப் பழக்கமானது. ஆனால் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் தேங்கி நாறும். இரண்டு மூன்று நாளில் முழுவதும் மாற்ற வேண்டும். கடற்கரையிலிருந்து அள்ளி வருவோர் கவனிக்க வேண்டும். தெரு நாயும் பூனையும் அசுத்தப்படுத்திய மணலில் கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் இருக்கலாம். அவை வெறுங்கால் வழியாகத் தோலுக்குள் புகுந்து கடுமையான அரிப்பை உண்டாக்கும். அரிதட்டில் அரித்து, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்த பின்னரே வீட்டுக்குள் எடுங்கள்.

மரத்தூள்: மரக்காலையில் மலிவாகக் கிடைக்கும், நன்றாக உறிஞ்சும். நைசான தூசு பூனைக்கும் எமக்கும் மூச்சுக்கு ஆகாது. ஆகவே அரித்து, சற்றுப் பருமனானதை மட்டும் எடுங்கள். மருந்தடித்த மரம், ஒட்டுப்பலகை, வர்ணம் பூசிய பலகை ஆகியவற்றின் தூள் வேண்டாம்.

கிழித்த பத்திரிகைத் தாள்: நாளாந்தம் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் சத்திர சிகிச்சை செய்த பூனைக்கு இதுவே உகந்தது, காயத்தில் தூள் ஒட்டாது.

சாதாரணக் களிமண் துகள்: ஈரத்தை உறிஞ்சும், ஆனால் கட்டியாகாது. மலத்தை அன்றாடம் அள்ளி, வாரத்துக்கொரு முறை முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டும்.

கட்டியாகும் களிமண்: பென்ரோனைற் என்னும் களிமண்ணால் ஆனது. 1980களில் புழக்கத்துக்கு வந்தது. சிறுநீர் பட்டதும் வீங்கி உருண்டையாகும். உருண்டையை மட்டும் அள்ளிவிட்டால் மிச்சம் சுத்தமாக இருக்கும். துகள் நைசாக இருப்பதால் பெரும்பாலான பூனைகள் இதையே விரும்புகின்றன. ஆனால் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பச்சைக் குட்டிகளுக்கு இது வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அங்கும் வீங்கும்.

சிலிக்கா: சப்பாத்துப் பெட்டிக்குள் சிறு பையில் வருமே, அதே பொருள். நாற்றத்தை நன்றாக அடக்கும், பல நாள் தாங்கும். கரடுமுரடாக இருப்பதால் சில பூனைகள் கால் வைக்க மறுக்கும்.

சோயா, மரக்கட்டை உருண்டைகள்: பாரமில்லை, தூசும் குறைவு. எமது காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். மூடியுள்ள வாளியில் போட்டு உலர்வாக வையுங்கள்.

2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது, பல வீடுகளில் கடைப் பையைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதென்றால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதோடு புதியதை ஒவ்வொரு பிடியாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். எது பிடிக்கும் என்று அறிய, இரண்டு பெட்டியில் இரண்டு விதமாகப் போட்டு வைத்தால் பூனையே பதில் சொல்லும். எதைப் போட்டாலும் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருக்கட்டும். வாசனை சேர்த்ததை வாங்க வேண்டாம். பையில் எழுதியிருக்கும் ரோஜா மணம் எமக்காகப் போடப்பட்டதே தவிர, பூனைக்காக அல்ல. அதன் மூக்கு எமது மூக்கை விடப் பன்மடங்கு கூர்மையானது.

எங்கே வைப்பது?

தீனித் தட்டுக்கும் தண்ணீருக்கும் அருகில் வைக்கக் கூடாது. உண்ணும் இடத்தில் மலங்கழிக்கப் பூனை விரும்பாது. தொழும் அறையிலும் குசினியிலும் வேண்டாம். ஆள்நடமாட்டம் குறைந்த, ஆனால் எந்நேரமும் போய்வரக்கூடிய மூலை நல்லது. சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது திடீரென்று சத்தமிடும்போது பயந்து, பிறகு அப்பக்கமே போகாது. குளியலறையில் வைப்போர் கதவு சாத்தப்படாமலும் பெட்டிக்குள் தண்ணீர் தெறிக்காமலும் பார்த்துக் கொள்ள வேண்டும். மாடி வீடென்றால் தட்டுக்கொரு பெட்டி வேண்டும். பெட்டிக்கு முன்னால் ஒரு பழைய கால் மிதியை விரித்தால் பாதத்தில் ஒட்டிய மணல் அதில் உதிரும்.

துப்புரவு

எவ்வளவு விலையான மணலானாலும் அள்ளாவிட்டால் பயனில்லை. நாளொன்றுக்கு இரண்டு தடவை அள்ளுங்கள். சுபஹுக்குப் பின் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று என்று வைத்துக் கொண்டால் மறக்காது. கட்டியாகும் களிமண்ணென்றாலும் மாதமொரு முறை முழுவதையும் கொட்டி, பெட்டியைச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள்.

நிலம் கழுவும் பினைல் வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெள்ளையாகும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவற்றிலுள்ள இரசாயனத்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினால் நஞ்சாகும். நாற்றத்துக்கென்று அந்துருண்டை போடுவதும் ஆபத்து. குளோரின் திரவத்தைச் சிறுநீர் படிந்த பெட்டியில் ஊற்றினால், சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

அள்ளியதை மலசலகூடக் குழிக்குள் கொட்டாதீர்கள். களிமண் வீங்கிக் குழாயை அடைத்துவிடும். பையில் கட்டிக் குப்பையோடு கொடுங்கள். வளவுள்ளவர்கள் கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தூரமாக ஆழப் புதைக்கலாம்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு

பூனை மலத்தின் மூலம் டொக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பரவலாம். கர்ப்ப காலத்தில் முதற்தடவையாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். இதைக் கேட்டதும் பூனையை விரட்டிவிட வேண்டியதில்லை. பூனை பெரும்பாலும் முதற்தடவை தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கே அக்கிருமியை வெளியேற்றும். வெளியேறிய கிருமியும் தொற்றும் நிலையை அடைய ஒருநாளாவது செல்லும். நாளாந்தம் அள்ளுவதன் முக்கியத்துவம் இதுதான். கர்ப்பிணி அள்ளக் கூடாது, வீட்டில் வேறொருவர் அள்ளட்டும். வேறு ஆளில்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

நன்றாக வேகாத இறைச்சியும் கழுவாத இலைக்கறியும் கூட இக்கிருமியைக் கொண்டு வரும். பூனைக்கும் பச்சை இறைச்சியாலும் எலியாலும்தான் தொற்றுகிறது. உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடும்போது பச்சைத் துண்டுகளைப் பூனைக்கு எறியும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவித்துக் கொடுங்கள்.

பெட்டியை விட்டு வெளியே போனால்

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. பெட்டி அழுக்காகவோ சிறிதாகவோ இருக்கலாம், மணல் மாறியிருக்கலாம், பயம் இருக்கலாம், அல்லது நோய் இருக்கலாம். மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதாலும் அடிப்பதாலும் அது உங்களுக்கு ஒளித்துப் போகப் பழகுமே தவிர, பெட்டிக்கு வராது. கடுவன் பூனை வாலை நடுக்கிக்கொண்டு சுவரில் பீச்சினால் அது எல்லை குறிக்கும் பழக்கம். அதற்கு மிருக வைத்தியரின் ஆலோசனை பெறுங்கள்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். கடுவன் பூனை பெட்டிக்குள் அடிக்கடி போய் முக்கி முக்கி இருந்தும் சிறுநீர் வராமல் கத்தினால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பெட்டியை அன்றாடம் அள்ளுபவருக்கே இந்த மாற்றம் முதலில் தென்படும்.

துணியில் பட்டுவிட்டால்

அபூகதாதா (ரழி) அவர்களுக்கு மருமகள் வுழூச் செய்யத் தண்ணீர் வைத்தபோது பூனையொன்று குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமல்ல, அது எம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபியவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது உள்ளது. பூனை வாய் வைத்ததும் உரசியதும் பிரச்சினையில்லை. ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். முஸல்லாவில் பட்டால், முதலில் பழைய துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போடுங்கள். நாற்றம் மிஞ்சினால் பூனை மீண்டும் அங்கேயே வரும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதியம் கலந்த திரவம் அந்த நாற்றத்தை நீக்கும். தொழுது முடிந்ததும் முஸல்லாவை மடித்து அலுமாரியில் வைப்பது எல்லாவற்றிலும் இலகுவான வழி.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த வேலையும் உம்மாவின் தலையிலேயே விழ வேண்டுமென்று எந்தச் சட்டமுமில்லை. பூனை வேண்டுமென்று அழுத பிள்ளைக்கே அள்ளும் கரண்டியைக் கொடுங்கள், கை கழுவவும் பழக்குங்கள். வாயில்லாப் பிராணியின் பொறுப்பை ஏற்று அன்றாடம் நிறைவேற்றப் பழகும் பிள்ளை, நாளை மனிதர்களின் பொறுப்பையும் தட்டிக் கழிக்காது.