ஊசி குத்தினால் யாரிடம் சொல்வது?

பிரசவ வார்டில் ஊசி எப்போது குத்தும் என்று மூத்த செவிலியர்களைக் கேட்டால், தையல் போடும்போதுதான் என்பார்கள். பிரசவ வழியை அகலமாக்கப் போடும் எபிசியாட்டமி வெட்டுக்குத் தையல் போடுகையில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். ஊசி முனை சதையில் எங்கே வெளிவருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, இடது கை விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். மரப்பு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்றால் தாய் வலி தாங்காமல் இடுப்பைத் தூக்குவார். முனை கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிடும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் இரவு டியூட்டியில் பெரும்பாலும் ஒரே செவிலியர். தையலைப் பாதியில் விட்டுப் போக முடியாது. அதை முடித்து, குழந்தையை எடை போட்டு, கேஸ் ஷீட் எழுதி நிமிர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

அந்த ஒரு மணி நேரம் பெரிய இழப்பு. எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் தொடங்கிப் பயனில்லை. தொடங்கிய பின் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

எச்ஐவி தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் இரண்டுக்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி மட்டும் நூற்றில் ஆறு முதல் முப்பது வரை. வார்டில் எல்லோரும் நடுங்குவது எச்ஐவிக்கு, அதிகம் பயப்பட வேண்டியதோ ஹெபடைடிஸ் பி-க்கு. காய்ந்த ரத்தக் கறையிலும் அந்த வைரஸ் ஒரு வாரமாவது தாக்குப்பிடிக்கும். அதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கான அட்டவணையில் நாடு முழுக்க வந்தது 2011-ஐ ஒட்டித்தான். இன்று டியூட்டி பார்க்கும் செவிலியர்கள் எல்லோருமே அதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களுக்கு மூன்று தவணையும் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பாற்றல் வந்ததா என்று டைட்டர் பரிசோதனையும் பார்த்தால்தான் பாதுகாப்பு உறுதி. தவணை போட்டதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள்.

இதெல்லாம் நர்சிங் புத்தகத்தில் உண்டு. என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு: குத்தியதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் வரும் முதல் கேள்வி, "பார்த்துச் செய்யக் கூடாதாம்மா?" என்பதுதான். தொகுப்பூதியத்தில் இருப்பவர், இன்னும் பணி நிரந்தரம் ஆகாதவர், இந்தக் கேள்விக்குப் பிறகு வாய் திறப்பாரா? எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுக்கப் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பயம் ஊசியைவிட ஆழமாக இறங்குகிறது. கணவரிடம்கூடச் சொல்லாமல் ஆறு மாதம் பரிசோதனை முடிவுகளுக்காகத் தனியாகக் காத்திருப்பது என்ன வேதனை! விரலைப் பிதுக்கி, டெட்டால் ஊற்றி, பஞ்சைச் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். பிதுக்கவே கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்?

சட்டமும் இந்த மௌனத்துக்கு இடம் விட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கூர்முனைப் பொருட்களுக்குத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி வேண்டும், ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. அதே விதிகள் 'பெரும் விபத்து' எது என்று வரையறுக்கும்போது கழிவு லாரி கவிழ்வதைச் சேர்த்து, ஊசிக்குத்தைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கின்றன. லாரி கவிழ்ந்தால் ஊருக்கே தெரியும். செவிலியர் விரலில் ஏறிய ஊசியைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் உண்டு. தடுப்பு மருந்தும் பயிற்சியும் தருவது மருத்துவமனையின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் சொல்கிறது. அதில் மருந்து தரும் கடமை செவிலியர் வாய் திறந்த பிறகுதான் தொடங்குகிறது.

கையுறையும் பெட்டியும் கொடுத்தாகிவிட்டது, மூடியைத் திரும்பப் போடாதே என்று பயிற்சியும் தந்தாகிவிட்டது, இதற்கு மேல் அவரவர் கவனம்தான் என்பது நிர்வாகங்களின் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெட்டி வார்டின் ஒரு கோடியிலும் கட்டில் மறு கோடியிலும் இருந்தால், கையில் திறந்த ஊசியோடு நடப்பதைவிட மூடுவதே பாதுகாப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஊசியை வெட்டியெடுக்கும் ஹப் கட்டர் பழுதாகி, பெட்டியும் விளிம்பு வரை நிரம்பிவிட்டால் ஊசி டிரேயில் பஞ்சோடு கிடக்கும். மறுநாள் காலை அது துப்புரவுப் பணியாளரின் கையில் ஏறும். தானாக மூடிக்கொள்ளும் ஊசிகள் எப்போதோ வந்துவிட்டன. அமெரிக்கா 2000-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010-இலும் இதற்கென்றே விதி கொண்டுவந்தன. இங்கே விலையைக் காட்டித் தள்ளிப்போடுகிறோம்.

எனக்குப் பெரிய கவலை பயிற்சி மாணவிகள்தான். ஊசி பிடித்துப் பழக்கம் போதாத கைகள், வார்டின் ஊழியர் பட்டியலில் பெயரும் கிடையாது. காயம் பட்டால் கல்லூரி மருத்துவமனையைக் காட்டும், மருத்துவமனை கல்லூரியைக் காட்டும். பதினெட்டு வயதுப் பெண் ஹாஸ்டல் அறையில் அழுதுகொண்டிருப்பாள். முதல் வார்டு டியூட்டிக்கு முன்பே அவளுக்குத் தடுப்பூசித் தவணைகள் முடிந்திருக்க வேண்டும். குத்தினால் எந்த எண்ணுக்கு, யாரிடம் பேச வேண்டும் என்று லேபர் வார்டுச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். முதல் நாள் மாத்திரை அதே வார்டு அலமாரியில் இருக்க வேண்டும், அதன் சாவி இரவு டியூட்டி செவிலியர் கையில் இருக்க வேண்டும்.