எல்லோருக்கும் ஒரே பந்தி!

புதுப்பாளையம் ஆசிரமத்தில் ராஜாஜி வாழ்ந்த வீடு

பெரிய தலைவர்கள் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம். அங்கே என்ன பார்ப்போம்? அவர் உட்கார்ந்த இடம், எழுதிய இடம், சுவரில் மாட்டிய படங்கள். பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் இருக்கிறது. ராஜாஜி குடியிருந்த வீடு அங்கே இன்னும் பாதுகாக்கப்படுகிறது. மிக எளிய வீடு. இந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இங்கே யார் யாருக்கு வாசல் திறந்திருந்தது?" என்பதுதான் அது.

வக்கீல் விட்ட வருமானம்

திருச்செங்கோட்டுச் சீமை மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், நிலக்கடலை, ஆமணக்கு. மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. இன்று நாடு முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் போர்வெல் லாரிகளுக்குப் பேர் போன ஊர் திருச்செங்கோடு. தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் அல்லவா?

இந்த வறண்ட பூமியைத் தேடி வந்தவர் சாதாரண ஆள் அல்ல. சேலத்தில் கை நிறையச் சம்பாதித்த வக்கீல். 1917-ம் ஆண்டு முதல் 1919-ம் ஆண்டு வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அவர் நியமித்தார். "தீட்டு, தீட்டு" என்று கூச்சல் எழுந்தது. ராஜாஜி அசையவில்லை.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததும் வக்கீல் தொழிலை விட்டார். சிறைக்கும் போனார். பிறகு, மனைவியை இழந்த அவர், கடைசி மகன் நரசிம்மனையும் கடைசி மகள் லட்சுமியையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆசிரமத்துக்கு நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். 1925-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ஆசிரமம் திறக்கப்பட்டது.

திறந்து வைத்தவர் யார் தெரியுமா? பெரியார் ஈ.வெ.ரா.!

ஆம். பின்னாளில் அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இருவரும், அன்று ஒரே காங்கிரசில் இருந்த நண்பர்கள். பெரியார் வைக்கம் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று வந்திருந்த நேரம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் காங்கிரசை விட்டு விலகினார்.

பந்தியில் வந்த சண்டை

அதே சமயத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். காங்கிரஸ் பணம் பெற்ற பள்ளியில் இப்படிச் செய்யலாமா என்று பெரியார் கேட்டார். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார். காங்கிரஸ் தலைவர்களே இரண்டுபட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு இலையை எங்கே போடுவது என்பது இவ்வளவு பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான்! "நீ என்னோடு உட்காரக் கூடாது" என்று ஒரு குழந்தையிடம் சொன்னால், அந்தச் சொல் அவன் நெஞ்சில் சாகும்வரை கிடக்கும்.

புதுப்பாளையத்தில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்களோடு சேர்ந்து உண்டார்கள், உழைத்தார்கள், படித்தார்கள். சுற்று வட்டாரத்தார் கோபம் கொண்டார்கள். ஆசிரமத்தை ஒதுக்கி வைக்கப் பார்த்தார்கள். ஆசிரமத்தார் பணியவில்லை.

ராட்டை தந்த கூலி

வெறும் உபதேசம் மட்டும் செய்திருந்தால் ஊர் கேட்டிருக்குமா? ஆசிரமம் வேலையும் கொடுத்தது.

முறை எளிது. ஆசிரமம் பஞ்சு கொடுக்கும். பெண்கள் வீட்டில் ராட்டையில் நூற்று நூலைக் கொண்டுவருவார்கள். நூலுக்குக் கூலி உண்டு. அந்த நூலை நெசவாளர்கள் கதராக நெய்வார்கள். மழை பொய்த்து, காட்டில் வேலை இல்லாத நாளில் அந்தக் காசுதான் அடுப்பு எரிய வைத்தது.

அடுப்பை அணைத்த இன்னொன்று கள். மதுவை எதிர்க்க "விமோசனம்" என்ற பத்திரிகையை ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் எழுத்தாளர் கல்கி. பின்பு ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன் முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார்.

காந்தியடிகள் 1925-ம் ஆண்டிலும் 1934-ம் ஆண்டிலும் இந்த ஆசிரமத்துக்கு வந்தார். ஆசிரமத்தில் வளர்ந்த லட்சுமியை, 1933-ம் ஆண்டு காந்தியடிகளின் மகன் தேவதாஸ் மணந்தார். அது சாதி கடந்த திருமணம்.

கறுப்பு அங்கி இல்லாத வக்கீல்

ஆசிரம நாட்களில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். திருச்சானூர்க் கோவிலுக்குள் சாமி கும்பிடப் போனார், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர். கோவிலைத் தீட்டுப்படுத்தினார் என்று வழக்குப் போட்டுக் கோர்ட்டில் தண்டித்தார்கள்!

செய்தி ராஜாஜிக்கு எட்டியது. வக்கீல் தொழிலைத் துறந்தவர் என்ன செய்வது? கதர் உடுத்தியபடியே, வக்கீல் அங்கி இல்லாமல் சித்தூர்க் கோர்ட்டில் போய் நின்றார். அந்த மனிதருக்காக வாதாடினார். அப்பீலில் அவர் விடுதலையானார்.

அதற்குப் பின் சட்டங்கள் வந்தன. 1938-ம் ஆண்டு, ராஜாஜி பிரதமராக இருந்தபோது, எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதா சட்டமானது. பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைத் தீண்டாமையைக் காட்டி யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது அது. 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். அதற்குத் துணையாக ராஜாஜி அரசு சட்டம் செய்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. எம்.சி.ராஜாவே கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவை 1938-ம் ஆண்டில் ராஜாஜி ஏற்கவில்லை. 1953-ம் ஆண்டில் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வி" என்று பெரியாரும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே அது போய்விட்டது. இதையும் தெரிந்துகொண்டுதான் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம்

ராஜாஜி 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்த வீடு ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. அன்று அது சேலம் ஜில்லா. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் வாழ்ந்து காட்டிய இடமோ புதுப்பாளையம். இன்று நாமக்கல் மாவட்டம். இங்கே இன்றும் கதர் வேலை நடக்கிறது.

தீண்டாமையை ஒழித்தது 1950-ம் ஆண்டின் அரசியல் சட்டம். அதைக் குற்றமாக்கித் தண்டிக்க 1955-ம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 1976-ம் ஆண்டு முதல் அந்தச் சட்டத்துக்குக் "குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்" என்று பெயர்.

குடியுரிமை என்றால் என்ன? பெரிய சொல்லாகத் தோன்றும். பொருள் சிறியது. ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கலாம். தெருவில் செருப்போடு நடக்கலாம். கோவிலில் கும்பிடலாம். டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி குவளை. பந்தியில் பக்கத்து இலை.

சட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும் இவை கிடைக்காத ஊர்கள் இன்னும் உண்டு. ஆகவே புதுப்பாளையத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அங்கே எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த கதையைச் சொல்லுங்கள். "நம் வீட்டில்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், சொல்வதற்குப் பதில் வைத்திருங்கள்!