இரைச்சலும் வெடிப்பும்

மழை இரைகிறது, இடி இரைவதில்லை, வெடிக்கிறது. அலைவரிசை காலியாக உள்ளதா என உணரும் கருவிக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. வந்துசேரும் ஆற்றலின் சராசரி ஓர் எல்லையைக் கடந்தால், அங்கே ஒலிபரப்பு உண்டென அது முடிவுசெய்யும்.

எல்லை 3 எனக் கொள்வோம். பாலிங்கில் ஒரு மாலை இடிமழை. பத்து அளவீடுகளுள் ஒன்பது 1. மின்னல் வெட்டிய கணத்தில் மட்டும் 91. சராசரி 10! எவரும் பேசாத அலைவரிசை வீணே பூட்டப்படும். அளவீடுகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால் 1 தான்; ஏமாற்றமில்லை. ஆயினும் சீரான இரைச்சலில் மெல்லிய குறிகையைப் பிடிக்கச் சராசரியே வல்லது.

(மின்னல் எனப் பெயர்பூண்ட நம் வானொலி, மின்னல் அதிகம் தீண்டாத பண்பலையில் ஒலிப்பது இனிய முரண்.)

இரண்டையும் 'இரைச்சல்' என்றே வழங்குவது எனக்கு உடன்பாடன்று. மோட்டார்சைக்கிளின் தீப்பொறியும் மின்னலும் தருவதை 'வெடிப்பிடையூறு' எனலாம்.